கெனட் ரிவர் – அப்போலோ பே 23 கி.மீ.: மேட்டுக்குப் பயப்படுவதா, இறக்கத்துக்கா?

மட்டநிலத்தான்

மெல்பர்னுக்குத் தென்மேற்கே, கிரேட் ஓஷன் ரோடு என்ற கடற்கரைச் சாலையில் மே மாதம் நடக்கும் அரை மாரத்தானுக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். பணம் கட்டிய பிறகுதான் பாதையின் ஏற்ற இறக்க வரைபடத்தைப் பார்த்தேன், பார்த்ததிலிருந்து தூக்கம் சரியில்லை. நான் பிறந்தது நாகப்பட்டினம் பக்கம், அங்கே மேடு என்றால் ஆற்றுப்பாலம்தான். இப்போது இருப்பது மெல்பர்னின் தென்கிழக்குப் புறநகர், இங்கேயும் தரை மட்டமாகத்தான் இருக்கிறது. ஆல்பர்ட் பார்க் ஏரியைச் சுற்றி ஓடிப் பழகியவன், தட்டையான பாதையில் 21.1 கி.மீ. இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக முடித்திருக்கிறேன். இதில் 23 கி.மீ. ஓட வேண்டும், 2:10-க்குள் முடிப்பது நடக்கிற காரியமா? மலைப்பயிற்சிக்கு எங்கே போவது? வீட்டில் மனைவியும் இரண்டு வாண்டுகளும் கூட வருகிறோம் என்கிறார்கள், அவர்களை எங்கே நிறுத்துவது? ஓடியவர்கள் யாராவது சொல்லுங்கள்.

கெளுத்தி

முதலில் கணக்கைப் பார்ப்போம். இரண்டு மணி நேரம் என்றால் கிலோமீட்டருக்கு 5:41. அதே வேகத்தில் 23 ஓடினாலே 2:10:43 ஆகிவிடும். ஆக 2:10 என்பது உங்களுடைய தட்டைப் பாதை வேகத்தை மலைப்பாதையில் ஒரு நொடிகூட விடாமல் பிடிப்பது. நடக்காது சகோ. 2:18-இல் இருந்து 2:25-க்குள் ஏதாவது ஒன்று என்று வைத்துக்கொண்டால் நன்றாகத் தூங்கலாம்.

பாதையைப் பற்றி. கெனட் ரிவரில் கிளம்பி தென்மேற்காகப் போகிறீர்கள், கடல் எப்போதும் இடதுகைப் பக்கம், ஒட்வே மலை வலதுகைப் பக்கம். தொடக்கத்தில் சாலை சின்னச் சின்னதாக ஏறி இறங்கிக் கிரே ரிவரைத் தாண்டும். அப்புறம்தான் கேப் பேட்டன் ஏற்றம். அது ஒரே செங்குத்து இல்லை, வளைந்து வளைந்து ஏறும், ஒவ்வொரு வளைவிலும் இதோடு முடிந்தது என்று நினைக்க வைத்துவிட்டு இன்னொரு வளைவைக் காட்டும். உச்சியில் காட்சிமேடை இருக்கிறது, அங்கே நின்று படம் எடுப்பவர்கள் ஏராளம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். அங்கிருந்து இறக்கம், பிறகு வாங்காரா பக்கம் மேய்ச்சல் நிலங்களை ஒட்டி மறுபடி ஏற்ற இறக்கம், ஸ்கீன்ஸ் கிரீக் வந்ததும் தரை மட்டமாகிவிடும். அங்கிருந்து கடைசி ஆறு கிலோமீட்டர் ஊர் வரைக்கும் தட்டை.

அந்தக் கடைசி ஆறு கிலோமீட்டர்தான் எல்லாரும் சுலபம் என்று எண்ணி ஏமாறுகிற இடம்.

பழைய_ஷூ

இதற்குப் போய் இவ்வளவு பயமா? அது மலை ஓட்டம் இல்லை தம்பி, தார்ச்சாலை. பேருந்து போகிற சாலையில் எவ்வளவு சரிவு இருந்துவிடப் போகிறது? வாரம் இரண்டு நாள் ஸ்குவாட், ஒரு நாள் நீள ஓட்டம், போதும். நேர இலக்கை இப்போதே குறைத்துக்கொள்ளச் சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை. இலக்கு இருந்தால்தான் கால் நகரும்.

இன்னொரு எரிச்சல் எனக்கு உண்டு, இங்கே சொல்லிவிடுகிறேன். மாரத்தான் என்றால் 42.2 கி.மீ., அரை மாரத்தான் என்றால் 21.1. 23 கிலோமீட்டரை அரை மாரத்தான் என்று எப்படிச் சொல்கிறார்கள்? அதே சாலையில் லார்ன் என்ற ஊரில் தொடங்கும் பெரிய ஓட்டமும் 44 கி.மீ., அதற்குப் பெயர் மாரத்தான். நாளைக்கு யாராவது உன் சாதனை நேரம் என்ன என்று கேட்டால் எதைச் சொல்வது?

ராஜி_வீலர்ஸ்ஹில்

அண்ணா, ஊருக்கு ஊர் இடையே சாலை எவ்வளவு நீளமோ அவ்வளவு ஓட விடுகிறார்கள், 21.1-க்காக நடுக்காட்டில் ஒரு கோடு போட்டு அங்கே எல்லாரையும் இறக்கிவிட முடியுமா? எனக்கு அது பிடித்திருக்கிறது. வேறு எந்த ஓட்டத்தோடும் ஒப்பிட முடியாது, கணக்குப் பார்ப்பவர்கள் வாயை அடைத்துவிடலாம்.

மட்டநிலத்தான் கேட்டதற்கு வருகிறேன். ஏறுவதைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். ஏறும்போது மூச்சு வாங்கும், வேகம் குறையும், மேலே போனதும் மூச்சு திரும்பிவிடும். தொடையைக் காலி செய்வது இறக்கம். கீழே இறங்கும்போது ஒவ்வொரு அடியிலும் முன்தொடைத் தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்க வேண்டும், பிரேக் பிடிக்கிற வேலை. அதில்தான் தசை நார்களில் நுண்ணிய சேதம் ஏற்படுகிறது, மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் மாடிப்படி இறங்க முடியாமல் பின்பக்கமாக இறங்குகிறோமே, அந்த வலி இதனால்தான். பாஸ்டன் மாரத்தானைப் பாருங்கள், தொடங்கும் இடத்தைவிட முடியும் இடம் 140 மீட்டர் தாழ்வு, காகிதத்தில் பார்த்தால் வேகமான பாதை. ஆனால் முதல் பாதியில் இறங்கி இறங்கித் தொடை நைந்துபோய், பிற்பாதியில் நியூட்டன் மேடுகள் வரும்போது பலருக்கு ஒன்றும் மிச்சம் இருப்பதில்லை. கேப் பேட்டனுக்குப் பிறகும் இதே கதையைச் சின்ன அளவில் பார்க்கலாம்.

நல்ல செய்தி என்னவென்றால் இதற்குப் பயிற்சி மிகச் சீக்கிரம் பிடிக்கும். நன்றாக ஒரு முறை இறக்கத்தில் ஓடி வலி வாங்கிக்கொண்டால், அடுத்த முறை அதே இறக்கத்துக்கு வலி பாதிதான். அந்தப் பாதுகாப்பு சில வாரங்களுக்கு நிற்கும். அதனால் ஓட்டத்துக்கு இரண்டு மூன்று வாரம் முன்பு கடைசிக் கடுமையான இறக்கப் பயிற்சியை முடித்துவிடுங்கள். கடைசி வாரத்தில் வேண்டவே வேண்டாம்.

மட்டநிலத்தான்

அக்கா, இது எனக்குப் புதுச் செய்தி. ஜிம்மில் டிரெட்மில்லைச் சாய்த்து வைத்து மேடு ஏறலாம் என்று திட்டம் போட்டிருந்தேன்.

ராஜி_வீலர்ஸ்ஹில்

ஏறலாம், தப்பில்லை. ஆனால் பெரும்பாலான டிரெட்மில்கள் மேல்நோக்கி மட்டும்தான் சாயும், கீழ்நோக்கிச் சாயாது, உங்களுக்கு வேண்டியதில் பாதிதான் அதில் கிடைக்கும். எங்கள் பக்கம் ஜெல்ஸ் பார்க் வந்து பாருங்கள், பூங்காவுக்குள் சமதளம், வெளியே வீலர்ஸ் ஹில் ஏறும் சாலை. மேலே நிதானமாக ஏறி, கீழே ஓட்டத்தன்று ஓடப்போகிற வேகத்தில் இறங்குங்கள். முக்கால்வாசிப் பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், மூச்சிரைக்க ஏறிவிட்டுக் கீழே நடந்து வருகிறார்கள்.

ஃபெர்ன்ட்ரீ கல்லி ஆயிரம் படிக்கட்டுக்குப் போகச் சொல்லி யாராவது சொல்வார்கள். நல்ல இடம்தான், ஆனால் அது படி ஏறுவதற்கான பயிற்சி, ஓடுவதற்கு இல்லை.

அடையாறு_ஆறுமணி

சென்னையிலிருந்து எழுதுகிறேன், அண்ணன் மெல்பர்னில் இருக்கிறார், அவர் வீட்டுக்கு வரும் சமயத்தில் நானும் இதில் ஓடலாம் என்று ஆசை. எங்களுக்கு மலை என்பது மேம்பாலம்தான், விடியற்காலை வண்டி குறைவாக இருக்கும்போது ஒரு கூட்டமே ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். ஈ.சி.ஆரில் நீள ஓட்டம், மாதத்துக்கு ஒரு தடவை ஏலகிரி கொண்டை ஊசி வளைவுகள். இது போதுமா? அப்புறம் குளிர்? நாங்கள் 28 டிகிரியில் குளிரடிக்கிறது என்று சொல்கிறவர்கள்.

கெளுத்தி

ஏலகிரி ஏறி இறங்கினால் கேப் பேட்டன் ஒரு பொருட்டே இல்லை. மேம்பாலம் நீளம் குறைவு, ஆனால் திரும்பத் திரும்பச் செய்தால் இறக்கப் பழக்கம் வந்துவிடும்.

சென்னை வெயிலில் பழகிய உடம்புக்கு மெல்பர்ன் குளிரில் ஓடுவது உண்மையில் லாபம். இதயத்துடிப்பு குறைவாகவே இருக்கும், அதே வேகம் இலேசாகத் தெரியும். நிற்கும்போதுதான் சிரமம். மே மாதத்தில் அங்கே ஏழு மணி தாண்டித்தான் விடியும், இருட்டில் பேருந்தில் ஏற்றிக் கொண்டுபோய் கெனட் ரிவரில் இறக்கிவிடுவார்கள், கடல்காற்றில் கழிப்பறை வரிசையில் நிற்க வேண்டும். தூக்கிப்போடத் தயாரான பழைய ஸ்வெட்டர் ஒன்று கண்டிப்பாக வேண்டும். கையுறை கொண்டுவாருங்கள், ஐந்தாவது கிலோமீட்டரில் கழற்றி இடுப்பில் செருகிக்கொள்ளலாம்.

வரிசையில் நிற்கும்போது தலையைத் தூக்கி யூகலிப்டஸ் மரங்களைப் பாருங்கள். கெனட் ரிவர் கோவாலாக்களுக்குப் பேர்போன ஊர். நூற்றுக்கணக்கான பேர் கீழே நின்று கத்திக்கொண்டிருக்க, அது கிளை இடுக்கில் முதுகைக் காட்டித் தூங்கிக்கொண்டிருக்கும்.

வன்னித்தம்பி

வணக்கம். இவ்வளவு கதைத்தும் ஒருத்தரும் சாலையின் சாய்வைப் பற்றிச் சொல்லவில்லை. மழைத்தண்ணி வழிய வேண்டும் என்று தார்ச்சாலையை நடுவில் உயர்த்தி இரு பக்கமும் சரித்துத்தான் போடுவார்கள். வளைவுகளில் வாகனத்துக்காக ஒரு பக்கம் முழுக்கவே சரிந்திருக்கும். இடது ஓரமாகவே கடலைப் பார்த்துக்கொண்டு ஓடினால் ஒரு கால் எப்போதும் பள்ளத்தில், மற்றக் கால் எப்போதும் உயரத்தில். 23 கிலோமீட்டர் அப்படி ஓடினால் முழங்காலின் வெளிப்பக்கமும் இடுப்பும் பிடித்துக்கொள்ளும். என்னுடன் வந்த பெடியன் ஒருத்தனுக்கு ஸ்கீன்ஸ் கிரீக்கில் முழங்கால் மடக்க ஏலாமல் போனது, மேட்டில் ஒரு பிரச்சினையும் இருக்கவில்லை அவனுக்கு.

வாகனத்துக்குச் சாலையை மூடிவிடுவதால் ஆட்கள் குறைந்த இடங்களில் நடுக்கோட்டுப் பக்கம் ஓடலாம், அங்கேதான் தரை சமமாக இருக்கும். ஆனால் நடுக்கோட்டில் இரண்டு ஆபத்து. வெள்ளைப் பெயின்ட் ஈரத்தில் வழுக்கும். அதோடு இரவில் மின்னுவதற்கு ஒட்டிவைத்த சின்னச் சதுரக் குமிழ்கள், ஒரு விரல் தடிப்பம்தான் இருக்கும், களைத்த கால் இடறுவதற்கு அதுவே காணும். கடைசிப் பகுதியில் கால் தூக்குவது குறையும்போதுதான் ஆட்கள் அதில் தடக்கி விழுகிறார்கள்.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். குளிர்காலம் நெருங்கும்போது தென்மேற்கிலிருந்து காற்று வரும், நாங்கள் ஓடுவதும் தென்மேற்காகத்தான். கேப் பேட்டன் வரைக்கும் மலை மடிப்புகள் மறைக்கும். அதற்குப் பிறகு மறைப்பு குறைவு. ஸ்கீன்ஸ் கிரீக்கிலிருந்து அப்போலோ பே வரைக்கும் காற்று முகத்திலேயே அடித்தால் தட்டைச் சாலையும் மேடுதான். நல்ல உயரமான ஆள் ஒருவரைப் பார்த்து அவருக்குப் பின்னால் ஒதுங்கிவிடுங்கள். வெட்கப்படத் தேவையில்லை, முடிந்த பிறகு நன்றி சொன்னால் சரி.

பழைய_ஷூ

சரிவு விஷயம் சரியான பேச்சு வன்னித்தம்பி, ஒப்புக்கொள்கிறேன். அடுத்தவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து ஓடுவது மட்டும் எனக்கு ஒத்துவராது.

சுண்டல்

ஓட்டம் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, தண்ணீர் கொடுக்கும் மேசையில் நிற்கிற ஆள் நான். ஆனால் அந்தச் சாலையைப் பற்றி ஒரு கதை சொல்லாமல் போனால் மனசு கேட்காது. முதல் உலகப்போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்கு வேலை கொடுக்கவும், திரும்பாதவர்களுக்கு நினைவுச்சின்னமாகவும் 1919-இல் தொடங்கிய சாலை அது. ஏறக்குறைய 3,000 பேர், பெரிய இயந்திரம் எதுவும் இல்லாமல், கடப்பாரையும் மண்வெட்டியும் வெடிமருந்தும் வைத்துப் பாறையைக் குடைந்தார்கள். லார்னிலிருந்து அப்போலோ பே வரைக்குமான பகுதி, அதாவது நீங்கள் ஓடுகிற பாதையும் அடங்கிய பகுதி, 1932-இல்தான் முடிந்தது.

1924-இல் காசினோ என்ற நீராவிக் கப்பல் கேப் பேட்டன் அருகே பாறையில் மோதித் தரைதட்டி நின்றுவிட்டது. பாரத்தைக் குறைக்க 500 பீப்பாய் பீரையும் 120 பெட்டி சாராயத்தையும் கடலில் தள்ளினார்கள். கரையில் சாலை போட்டுக்கொண்டிருந்தவர்கள் கையில் அது சிக்கியது. இரண்டு வாரத்துக்கு வேலை நடக்கவில்லை! கேப் பேட்டன் ஏற்றத்தில் மூச்சு வாங்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள், எதற்காகவோ அந்த இடத்தில் எல்லாருக்கும் நிற்கத் தோன்றுகிறது.

மட்டநிலத்தான்

ஹாஹா, மேலே போனதும் கடலை எட்டிப் பார்க்கிறேன், ஒரு பீப்பாயாவது மிச்சம் இருக்கிறதா என்று.

சரி, ஏற்றத்தில் நடக்கலாமா கூடாதா? நண்பர்கள் நடந்தால் மானம் போச்சு என்கிறார்கள்.

பழைய_ஷூ

நடக்கக்கூடாது. நடக்க ஆரம்பித்தால் மறுபடி ஓடத் தோன்றாது. சின்ன அடி வைத்து, கையை வீசி, தலையைக் குனிந்துகொண்டு ஏறிவிட வேண்டும்.

ராஜி_வீலர்ஸ்ஹில்

அண்ணா சொல்வது அவருக்குச் சரி, அவர் எப்படியும் முன்னால் ஓடுகிறவர். இரண்டேகால் மணிக்காரர்களுக்கு அது பொருந்தாது. உங்கள் ஓட்டமும் பக்கத்தில் நடக்கிறவரின் வேகமும் ஒன்றாக இருக்கிறது என்றால் நடப்பதுதான் புத்தி, அதே இடத்துக்குக் குறைந்த செலவில் போய்ச் சேர்கிறீர்கள். ஆனால் எப்போது நடப்பது என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். காலே நின்ற பிறகு நடந்தால் அண்ணா சொல்வதுபோல மறுபடி கிளம்புவது கஷ்டம். மூச்சுவிடும்போது ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று பாருங்கள், முடியவில்லையென்றால் முப்பது அடி நடை, அப்புறம் ஓட்டம்.

கடிகாரத்தில் வேகம் காட்டும் திரையை மாற்றிவிடுங்கள். ஏற்றத்தில் 6:40 காட்டும், பதறிப்போய் விரட்டுவீர்கள். இறக்கத்தில் 5:00 காட்டும், குஷியாகி இன்னும் விரட்டுவீர்கள். இரண்டும் கேடு. மேட்டில் இழந்த நேரம் இறக்கத்தில் முழுசாகத் திரும்பாது, அதை மீட்கப் போய்த்தான் தொடையைக் கொடுத்துவிட்டு வருகிறோம். இறங்கும்போது அடியைச் சின்னதாக்குங்கள், பின்னால் சாயாதீர்கள், பாதம் உடம்புக்கு நேர் கீழே விழ வேண்டும். சத்தத்தைக் கேளுங்கள், தொப் தொப் என்று சத்தம் வந்தால் பிரேக் பிடிக்கிறீர்கள் என்று அர்த்தம்.

அடையாறு_ஆறுமணி

இந்தச் சத்தம் விஷயம் இன்று காலை மேம்பாலத்தில் பார்த்தேன். எங்கள் குழுவில் பாதிப் பேர் தொப் தொப். வேகமாக இறங்குகிற பெண் ஒருவர் மட்டும் சத்தமே இல்லாமல் கடந்து போனார். அவர் ஷூ ரொம்பச் சாதாரண ஷூ, எங்களுடையதெல்லாம் வேகத்துக்காக அடியில் கார்பன் தகடு வைத்த ஷூ.

சாப்பாடு? நான் சைவம்.

கெளுத்தி

மணிக்கு 30-இல் இருந்து 60 கிராம் மாவுச்சத்து என்பது பொதுவான கணக்கு. ஓடும்போது உறிஞ்சுகிற இனிப்பு ஜெல் பிடிக்கவில்லையென்றால் பேரீச்சம்பழம், கடலை மிட்டாய் எதுவும் சரிதான். கடலை மிட்டாய் வறண்ட வாயில் ஒட்டும், தண்ணீர் மேசைக்குச் சற்று முன்னால் வாயில் போடுங்கள். ஏற்றத்தின் நடுவில் மெல்ல முடியாது, கிரே ரிவர் தாண்டும்போதே ஒன்றை முடித்துவிட வேண்டும். குளிரில் தாகம் தெரியாது, அதற்காக ஒவ்வொரு மேசையிலும் வயிறு முட்டக் குடிக்கவும் கூடாது.

முடிந்த பிறகு அப்போலோ பேயில் எல்லாரும் ஸ்காலப் பை வாங்க வரிசையில் நிற்பார்கள், கடல் சிப்பிக் கறி வைத்த பை, அந்த ஊர்ச் சிறப்பு. சைவக்காரர்கள் முந்தின இரவே தயிர்சாதம் கட்டி வைத்துவிடுவது நல்லது. ஆயிரத்துச் சொச்சம் பேர் இருக்கிற ஊர், ஓட்டத்தன்று கடைகள் திணறும்.

மட்டநிலத்தான்

ஆமாம், குடும்பத்தை எங்கே நிறுத்துவது என்று கேட்டேனே.

வன்னித்தம்பி

அப்போலோ பேயிலேயே நிற்கட்டும் அண்ணை. சாலை மூடியிருப்பதால் தொடங்குமிடத்துக்கு அவர்கள் வர ஏலாது, உங்களுக்கு மட்டும்தான் பேருந்து. கடைசி வளைவிலிருந்து முடிவுக்கோடு வரைக்கும் கடற்கரைப் புல்வெளிதான், பிள்ளைகள் ஓடி விளையாட நல்ல இடம்.

காலையில் மெல்பர்னிலிருந்து கார் எடுத்து வந்து பார்க்கலாம் என்று அக்கா நினைத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். கடற்கரைச் சாலை மூடியிருக்கும், ஃபாரஸ்ட் பக்கம் மலைக்குள்ளால் வருகிற சாலையும் ஸ்கீன்ஸ் கிரீக்கில்தான் இறங்கும், அதுவும் ஓட்டப் பாதைக்குள். மேற்கே லாவர்ஸ் ஹில் ஊர் வழியாகச் சுற்றித்தான் வரவேண்டும், அது சரியான நீளம். ஓட்டத்துக்கு முந்தின நாள் சனிக்கிழமையே எல்லாரும் வந்து தங்கிவிடுங்கள். தங்குமிடம் இப்போதே பிடிக்க வேண்டும், பிந்தினால் மலைக்கு அந்தப் பக்கம் கோலாக் ஊரில்தான் கிடைக்கும். பேருந்து நேரம், தொடங்கும் இடம் எல்லாம் அந்த ஆண்டு அறிவிப்பில் பாருங்கள், அந்தக் கரையில் மண்சரிவு வந்தால் மாற்றுவார்கள்.

மட்டநிலத்தான்

எல்லாருக்கும் நன்றி. 2:10-ஐ அழித்துவிட்டேன். இந்தச் சனிக்கிழமை காலை ஜெல்ஸ் பார்க் வருகிறேன் ராஜி அக்கா, நிதானமாக ஏறி வேகமாக இறங்கிப் பார்க்கிறேன்.

பழைய_ஷூ

நானும் வருகிறேன். ஏறும்போது நடக்க விடமாட்டேன், சொல்லிவிட்டேன்.

ராஜி_வீலர்ஸ்ஹில்

வாருங்கள் அண்ணா. இறங்கும்போது நீங்கள் என்ன சத்தம் போடுகிறீர்கள் என்று கேட்க வேண்டும். ஏழரைக்கு, ஏரிக்கரைப் பக்கக் கார் நிறுத்தத்தில்.